மதுரையில பசுமை நடைக்கு போகலாம்னு இருக்கேன், தனியா போனா சரியா வருமா?

காளவாசல்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 46 வயசு. டாக்டர் நடக்கச் சொல்லி ஆறு மாசமா மொட்டை மாடியிலயே சுத்திக்கிட்டு இருக்கேன், வெறுத்துப்போச்சு. பசுமை நடைன்னு ஞாயித்துக்கிழமை காலையில மலைக்கெல்லாம் கூட்டிட்டுப் போயி வரலாறு சொல்றாங்களாமே, அதுல சேரணும்னு ஆசை. ஆனா எனக்கு மூட்டு வலி இருக்கு, வரலாறும் தெரியாது, கூட வரவும் ஆளில்ல. வேகமா நடப்பாங்களா? போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கல்வெட்டு வாசகன்:
தாராளமா போங்க மேடம். வேகமா ஏறுறதுக்குப் போற கூட்டம் இல்ல அது, யானைமலையை வெட்டி சிற்ப நகரம் ஆக்கப்போறாங்கன்னு 2010ல பேச்சு வந்தப்ப மலையைக் காப்பாத்தணும்னு கிளம்புனவங்க, அதனால பாதி நேரம் நின்னு கேக்குறதுதான். மூட்டு வலின்னா முதல்ல கீழக்குயில்குடி சமணர் மலை நடைக்கு வாங்க, அங்க இருக்குற செட்டிப்புடவுங்கிற குகைக்கு ஏற்றம் கம்மி. குகைக்குள்ள குனிஞ்சு போயி அண்ணாந்து பாத்தா மேல வரிசையா அஞ்சு சிற்பம் இருக்கும், முதல்ல சிங்கத்து மேல ஒரு பொண்ணு கையில வில்லோட, எதிர்த்தாப்ல யானை மேல ஒருத்தன். ஆயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, பாக்குறப்ப எனக்கு இன்னிக்கும் உடம்பு சிலிர்க்கும். வெளிய பாறையில இருக்குற சமணத் தீர்த்தங்கரர் சிலையை ஊர்க்காரங்க செட்டியார்னு சொல்லுவாங்க, பேரே அப்படி வந்ததுதான்.

மேலூர்க்காரன்:
அக்கா எங்க பக்கம் அரிட்டாபட்டிக்கும் ஒருநாள் வாங்க. 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊரு, பாறையைக் குடைஞ்ச சிவன் கோயில், தமிழ் பிராமி கல்வெட்டு, சுனைன்னு ஒரு காலை பத்தாது. டங்ஸ்டன் சுரங்கம்னு வந்தப்ப எங்க ஊரு சனமெல்லாம் ரோட்டுல நின்னோம், 2025 ஜனவரியில ஏலத்தை ரத்து பண்ணாங்க. வெளியூர்லருந்து நாலு பேரு நடந்து வந்து பாத்தாத்தான் இந்த மலை என்னன்னு தெரியும், அதான் கூப்பிடுறேன். ஒன்னு மட்டும், வழவழன்னு இருக்குற செருப்பு வேணாம்க்கா, வார் வச்சது போட்டுட்டு வாங்க. பாறையில மணல் கிடந்தா வழுக்கும், போன வருசம் எங்க சித்தி அப்படித்தான் விழுந்து மணிக்கட்டு வீங்கிப்போச்சு.

நாகமலை அம்மா:
நானும் முதல் தடவை தனியாத்தான் போனேன் மா. ஆலமரத்தடியில உக்காந்து டிபன் சாப்பிடுறப்ப பக்கத்துல இருந்த பொண்ணு தண்ணி பாட்டிலை நீட்டுச்சு, அன்னிலருந்து நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம். அதே சமணர் மலையில இருக்குற பேச்சிப்பள்ளம் மட்டும் உங்களுக்கு இப்ப வேணாம், பாறையில வெட்டுன படி, ஏறிடலாம், இறங்குறப்பதான் மூட்டு பிடிக்கும். ஒன்பது மணிக்கெல்லாம் பாறை சுட ஆரம்பிச்சுரும், தொப்பி எடுத்துக்கங்க.

காளவாசல்காரி:
ரொம்ப நன்றிங்க, செட்டிப்புடவுலயே ஆரம்பிக்கிறேன். நாகமலை அம்மா, அடுத்த நடை எப்போன்னு தெரிஞ்சா இங்கயே போடுறீங்களா, நான் பஸ்ல வந்து நாகமலை புதுக்கோட்டை ஸ்டாப்ல நிக்கிறேன்.