மாமாவின் பட்டியலும் அக்காவின் கேள்வியும்

நான்: அக்கா, வெளிநாட்டில் மேல்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. மாமா அனுப்பிய வார்த்தைப் பட்டியலைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. இன்னும் ‘ஏ’ எழுத்தையே தாண்டவில்லை.

மாமா: நாங்கள் எல்லாம் ‘இசட்’ வரை நெட்டுருப் போட்டுத்தான் எழுதினோம் மாப்பிள்ளை. இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேள், எதிர்ச்சொல் சொல்வேன்.

அக்கா: அதுதான் மாமா விஷயம். உங்கள் காலத்தில் ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல்லைக் கேட்டார்கள், பட்டியல் உதவியது. 2011இல் அதையும், ஒரு ஜோடிச் சொற்களின் உறவைப் போன்ற இன்னொரு ஜோடியைக் கேட்கும் அனாலஜியையும் எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சொல்லும் தனியாக வராது, வாக்கியத்துக்குள்தான் வரும்.

மாமா: இதை எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!

சித்தி: சொல்ல விட்டால்தானே அண்ணா 😄

அக்கா: தம்பி, ஆங்கிலத்தைச் சோதிக்கும் வெர்பலில் மொத்தமே 27 கேள்விதான். முதல் பகுதி 12 கேள்வி, 18 நிமிடம். அடுத்தது 15 கேள்வி, 23 நிமிடம். அதில் ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. மீதிதான் கோடிட்ட இடங்களை நிரப்பும் டெக்ஸ்ட் கம்ப்ளீஷனும், ஒரே இடத்தில் போட்டால் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களைத் தேடும் சென்டன்ஸ் ஈக்விவலன்ஸும். உனக்கு எது இடிக்கிறது?

நான்: கடைசியாகச் சொன்னதுதான். ஆறில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்று மட்டும் சரியாக இருந்தால் மதிப்பெண்ணே கிடையாது. ஒரே அர்த்தமுள்ள ஜோடியாகப் பார்த்துத்தான் போடுகிறேன், அப்படியும் தப்பாகிறது.

அக்கா: ஜோடியைத் தேடுவதால்தான். வாக்கியத்தைத் தமிழில் தருகிறேன், எல்லோரும் முயற்சி செய்யுங்கள்.
“கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசாதவர் என்று பெயர் எடுத்த அந்தப் பேராசிரியர், அன்று மட்டும் யாரும் கேட்காமலே ______ ஆகிவிட்டார்.”
டெர்ஸ், லகானிக், எலக்வென்ட், லொக்வேஷியஸ், கேருலஸ், சாங்வின்.

நான்: டெர்ஸ், லகானிக். இரண்டுமே சுருக்கமாகப் பேசுவது.

மாமா: தப்பு. லொக்வேஷியஸ், எலக்வென்ட். இரண்டுக்கும் ஒரே லத்தீன் வேர், ‘லொக்வி’, பேசுவது. வேர் தெரிந்தால் போதும்.

சித்தி: லொக்வேஷியஸ், கேருலஸ். நம் அண்ணனை நினைத்துக்கொண்டு போட்டேன்.

அக்கா: சித்தி சரி! இரண்டுமே ஓயாமல் பேசுவது. தம்பி, நீ போட்டதும் ஜோடிதான், ஆனால் ‘அன்று மட்டும்’ என்று வாக்கியம் திரும்பிவிட்டது. தேர்வு வைப்பவர்கள் வேண்டுமென்றேதான் இப்படிப் பொய் ஜோடி வைப்பார்கள். மாமா, எலக்வென்ட் என்றால் நன்றாகப் பேசுவது, நிறையப் பேசுவது இல்லை. வேர் வாசல் வரைக்கும்தான் கூட்டிப் போகும். ‘எனர்வேட்’ என்று ஒரு சொல், பார்த்தால் எனர்ஜி கொடுப்பது மாதிரி இருக்கும். உண்மையில் பலத்தை உறிஞ்சிவிடுவது.

நான்: அப்போது என்னதான் செய்ய?

அக்கா: ஆறு சொல்லையும் கையால் மறைத்துக்கொள். வாக்கியத்தை மட்டும் படித்து, கோடிட்ட இடத்தில் உனக்குத் தோன்றும் சொல்லைத் தமிழிலாவது போடு. ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’ வந்தால் வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார். அதற்கு அப்புறம்தான் கையை எடுக்க வேண்டும்.

அக்கா: இன்னொன்று. தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் கவிழ்க்கும். ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது என்று நினைப்பாய். அங்கே ‘குவாலிஃபைட் பிரெய்ஸ்’ என்று வந்தால், “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்...” என்று இழுத்துக்கொண்டே பாராட்டுவது.

அம்மா: உங்கள் அப்பா என்னைப் பாராட்டுவது எல்லாமே அந்த ரகம்தான்.

அப்பா: நான் இந்தக் குழுவில் இருப்பது ஞாபகம் இருக்கிறதா?

நான்: 😂 அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை சொல்? மாமா நூறு என்கிறார்.

அக்கா: பத்துப் பதினைந்து போதும். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தமும் நீயே எழுதிய ஒரு வாக்கியமும். திருப்புவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிப் பார். திரும்பத் திரும்பக் கண்ணால் ஓட்டினால் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பிரமை வரும், அவ்வளவுதான். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு மறுபடி எடு. அட்டைகளைப் போனிலேயே காட்டும் அன்கி ஆப் அந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்மேலேயே சோதித்து 1885இல் எழுதியிருக்கிறார்.

மாமா: அர்த்தமில்லாத அசைகளா? எங்கள் பட்டியலும் அப்படித்தான் இருந்தது.

அக்கா: மாமா 👏 தம்பி, ஜிஆர்இயை நடத்தும் இடிஎஸ் இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரித் தேர்வு இரண்டு இருக்கிறது. ஒன்றை இந்த வாரமே எழுதிவிடு, இன்னொன்றைக் கடைசிக்கு வை. நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் எதையும் காலியாக விடாதே.

நான்: சரி அக்கா. இந்த மாதிரிக் கேள்வி தினமும் ஒன்று போடுவீர்களா?

அக்கா: போடுகிறேன். பதில் மட்டும் போதாது, வாக்கியத்தில் எந்தச் சொல்லைப் பிடித்தாய் என்றும் எழுத வேண்டும். சித்திக்கும் மாமாவுக்கும் இதே விதிதான்.

அம்மா: ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரும் போடக் கூடாது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

மாமா: மணி ஒன்பதே கால்தான் ஆகிறது. இன்னொன்று போடம்மா, சித்தியை இந்த முறை விடப் போவதில்லை.