அப்பாயி எந்தக் கிழமை?

ரங்கூன் பேரன்

எங்கள் அப்பாயிக்கு எண்பது தாண்டிவிட்டது. இரண்டு வருடமாக மறதி. அடுப்பில் பால் வைத்தது மறக்கும், தாத்தா காலமானது மறக்கும். போன மாதம் ஒரு நாள் காலையில் தேநீர் கொண்டுபோனேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி யாரு?" என்றார். வீட்டுப் பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்த பர்மியப் பெயரையும் சொல்லிப் பார்த்தேன். அதுவும் பிடிபடவில்லை. நான் திரும்பும்போது, "நீ எந்தக் கிழமை?" என்று கேட்டார்.

"புதன்."

"காலையிலயா, மத்தியானத்துக்கு மேலயா?"

"மேலதான் அப்பாயி."

"அட, தந்தமில்லாத யானை! நீயாடா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

ஊரில் இருக்கும் சொந்தங்களுக்காக ஒரு வார்த்தை. பர்மாவில் பிறந்த தேதி தெரியாதவர் உண்டு, பிறந்த கிழமை தெரியாதவர் அபூர்வம். புதன்கிழமையை இரண்டாக உடைத்து வாரத்தை எட்டு ஆக்கிவிடுவார்கள், எட்டுத் திசைக்கும் சரியாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராணி. ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், சனிக்கு நாகம். புதன் காலைக்குத் தந்தமுள்ள யானை, அதன்பின் பிறந்தவனுக்குத் தந்தமில்லாதது. அதை ராகு என்பார்கள். (நானும் சின்ன வயதில் அழுதிருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் தந்தம் இல்லை என்று.) ஷ்வேடகன் புத்தர் கோயிலுக்குப் போனால் அவரவர் மூலையில் அவரவர் கோப்பையால் நீர் ஊற்றுவது வழக்கம். எங்கள் வீட்டில் வயதுக்கு ஒன்று கூட்டி ஊற்றுவோம். காளி கோயிலுக்குப் போகிற அதே அப்பாயிதான் அங்கும் போவார். இரண்டுக்கும் சண்டை வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இப்போது என் சிக்கல். அடையாள அட்டையில் அப்பாயி பிறந்தது 1943 ஜனவரி 1 என்று இருக்கிறது. போனில் தட்டிப் பார்த்தால் அது வெள்ளிக்கிழமை. அப்பாயி, "நான் சனிக்கிழமை, நாகம்" என்கிறார். "குண்டு விழுந்த அஞ்சாம் நாள் பொறந்தேன்னு எங்க அம்மா சொல்லும்" என்கிறார். அட்டையா, அப்பாயியா? அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இதில் ஒரு வாரமாக வழக்கு. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இப்படி எல்லாம் போனபிறகும் போகாமல் தங்கிய ஒன்று உண்டா?

பெகு வாத்தியார் மகள்

உண்டு. எங்கள் தாத்தாவுக்கு அது கணக்கு. முருகன் படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். உள்ளே செல்லாத நோட்டுகள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்களே, அந்த நூறுகள் சில. 1987 செப்டம்பரில் 25, 35, 75 செல்லாமல் போனபோது அவையும் அதே டின்னுக்குள் போயின. "இரண்டு தடவை பணக்காரனா இருந்து இரண்டு தடவை ஏழையானேன்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், பாட்டி சிரிக்க மாட்டார்.

அப்புறம் வந்த நோட்டுகள்தான் விசேஷம். 45, 90. எல்லாம் ஒன்பதின் மடங்கு! ஒன்பதாம் வாய்ப்பாட்டை நாங்கள் படிக்கவே இல்லை, கடைவீதியில் தானாக வந்தது. தாத்தா எங்களை உட்காரவைத்துக் கடை விளையாட்டு நடத்துவார். "90 தர்றேன், 17-க்குக் கடலை கொடு, மீதி?" 73 என்று சொன்னால் போதாது. 45-ஐ முதலில் எடுத்து வைத்து, மிச்சம் 28-ஐச் சில்லறையாக எண்ணிக் கொடுக்க வேண்டும்.

கடைசி வருடம் அவருக்குச் சாப்பிட்டோமா என்பதே நினைவில்லை. ஆனால் பேத்தி மகள் பிளாஸ்டிக் தட்டில் மண்ணைக் குவித்து, "தாத்தா, 90-ல 34 போனா?" என்று கேட்டால், கண்ணைத் திறக்காமலே "56. 45-ஐ முதல்ல குடு" என்று பதில் வரும்.

தட்டோன் தம்பி

எங்கள் வீட்டில் அது நாக்கு. பெரியத்தை 1964-க்குப் பிறகு கப்பலில் மதராஸ் போனவர். நான் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தேன். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் அழைத்துப்போய், "அத்தோ சாப்பிடு" என்றார். நூடுல்ஸ் கலவை அது. இங்கே பர்மாவில் 'தோ' என்றால் கையால் பிசைந்து கலந்தது, அவ்வளவுதான். முன்னால் என்ன கலந்தது என்று சொல்லியாக வேண்டும். அங்கே கலந்ததே பெயராகிவிட்டது. நிறமும் சிவப்பு. இது நம்ம ஊர் சாப்பாடு இல்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே வாழைத்தண்டு சூப்பை வாயில் வைத்தேன். அப்படியே எங்கள் வீட்டு மீன் சாற்று நூடுல்ஸ், மொய்ங்கா! அத்தையைத் திரும்பிப் பார்த்தால் அவர் கடைக்காரப் பெரியவரோடு பர்மிய மொழியில் உப்பு போதவில்லை என்று வாதாடிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு வருடம் கழித்து, பேசத் தடுமாறவேயில்லை.

மோல்மேன் அக்கா

ரங்கூன் தம்பி, உங்கள் கதையைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அட்டை எழுதிய குமாஸ்தா ஜனவரி 1 என்று போட்டாலே எனக்குச் சந்தேகம்தான். எங்கள் தெருவில் ஜனவரி 1-ல் பிறந்த கிழவிகள் நாலு பேர்.

உங்கள் அப்பாயி சொன்ன குண்டை யோசியுங்கள். ஜப்பான்காரன் ரங்கூனில் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. என்ன கிழமை என்று பாருங்கள். அங்கிருந்து எண்ணுங்கள். நம் ஆட்கள் எண்ணும்போது முதல் நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், அதை மறக்காதீர்கள்.

ரங்கூன் பேரன்

அக்கா, கை நடுங்குகிறது. 23 செவ்வாய். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஐந்தாம் நாள் 27. சனிக்கிழமை!

இதை வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம்தான் எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார். அந்தக் குண்டுக்குப் பிறகு தெருவே மூட்டை கட்டியது. டவுங்குப் கணவாய் வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும் நடந்தே கிளம்பினார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். பூட்டன் வீட்டிலும் மூட்டை தயாராக இருந்திருக்கிறது. பூட்டிக்குப் பிள்ளை பிறந்து நடக்க முடியாததால் ஆற்றுக்கு அப்பால் தலாவில் ஒரு நெற்களத்தில் தங்கினார்கள். தங்கியவர்கள் தங்கியவர்கள்தான். எண்பது வருடமாக நாங்கள் இங்கே இருப்பதற்குக் காரணம் அந்தச் சனிக்கிழமைப் பிள்ளை. "பூட்டி சொன்ன கதை. எந்த வருஷம்னு நான் கேட்டதே இல்லடா" என்றார் அப்பா.

அப்பாயியிடம் போய், "நீங்க சொன்னது சரி. சனிக்கிழமைதான். அட்டையில இருக்கிறதைவிட உங்களுக்கு ஒரு வயசு கூட" என்றேன்.

"அதைத்தானே நான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றவர், விரலை மடக்கி ஏதோ எண்ணினார். "அப்ப இத்தனை வருஷமா ஒரு கோப்பை குறைச்சு ஊத்தியிருக்கேன். சனிக்கிழமை கூட்டிட்டுப் போ. நீ யாரு தம்பி?"

"ராகு, அப்பாயி."

"சரி, நீயே வா. எனக்குக் கை வலிக்கும், பாதி நீ ஊத்து."