எட்டு வயது மகள், ஒரு சந்தேகம்
அக்காக்களே, ஓர் உதவி. மகளுக்கு எட்டு வயது நிறையும் முன்பே மார்பு வளர ஆரம்பித்துவிட்டது, சீருடை உரசி வலிக்கிறது என்று ஒரு காலை அழுதபோதுதான் கவனித்தேன். இங்கே சிங்கப்பூரில் பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) ஹார்மோன் நிபுணருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்குரிய அளவு முதிர்ந்திருக்கிறது என்று, பார்ப்பார்களாம். கோழிக்கறிதான் காரணம் என்று மாமியார் திட்டுகிறார். நானோ 2015 புகைமூட்டத்தில் இவளை வயிற்றில் சுமந்துகொண்டு தேக்காவுக்கு நடந்ததுதான் காரணமோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். புகை பற்றியது இல்லை என்றாலும், கலிபோர்னியாவில் கர்ப்பிணிகளின் சிறுநீரில் தாலேட், டிரைக்ளோசான் (வாசனைப் பொருள், சோப்பு போன்றவற்றில் சேர்க்கப்பட்ட ரசாயனங்கள்) அளவு பார்த்து, பிள்ளைகள் பருவமடையும்வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது; சில ரசாயனங்கள் கூடுதலாக இருந்த தாய்மாரின் மகள்களுக்குப் பருவம் கொஞ்சம் முந்தியதாம். தொடர்பு மட்டும்தான், அதுவே காரணம் என்று நிரூபணமில்லை. சரி, நடந்தது நடந்தது. இந்தப் பரிசோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனவர்கள் இருக்கிறீர்களா? டாக்டரிடம் என்ன கேட்கலாம்? அப்புறம், அவளிடம் எப்படிச் சொன்னீர்கள்?