லேசர் டிஸ்க் பெட்டிகளில் பூஞ்சணம்: உதவி வேண்டும்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய சினிமா லேசர் டிஸ்க் (டிவிடிக்கு முன் வந்த, இசைத்தட்டு அளவிலான பெரிய பட வட்டு) பெட்டிகளை அட்டை ஓவியத்துக்காகவே சேர்க்கிறோம். மழை மாதங்களில் கறுப்பு அட்டை மேல் சாம்பல் தூவினாற்போல் வெண்பூஞ்சணம் படிகிறது. முதுகு மடிப்பில் மை உரிந்து வெள்ளைக் கோடு தெரிகிறது.

ஈரத்துணி பட்டால் பளபளப்புப் படலம் எழும்பிவிடும். அதனால் நிழலில் காற்றாட உலர்த்தி, வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுகிறோம். பெட்டிகளை நிறுத்தித்தான் அடுக்குகிறோம், படுக்கப் போட்டால் அடியில் இருப்பது நசுங்கும்.

4 செ.மீ. தடிமன் பெட்டிக்குப் பொருந்தும் பாலிபுரோப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) உறை ஈப்போ பக்கம் எங்கே கிடைக்கும்? எல்பி (இசைத்தட்டு) உறை ஒற்றை டிஸ்க்குக்குத்தான் சரி. பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் மையில் ஒட்டிக்கொள்ளும். கிழிந்த முதுகை ஒட்ட அமிலமில்லாத பசை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? செலோடேப் மஞ்சள் கறை விடுகிறது.

இன்னொன்று: ஏ3 ஸ்கேனர் கண்ணாடி 29.7 செ.மீ. அகலம், அட்டையோ 31க்கும் மேல். விளிம்பு தூக்கி நிற்பதால் ஓரம் மங்கிவிடுகிறது. பெரிய ஸ்கேனர் உள்ள அச்சகம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.