தரவு அறங்காவலரா, தரவுப் பொறுப்பாளரா?

வணக்கம்.

> ‘டேட்டா ஃபிடூசியரி’க்குத் ‘தரவு அறங்காவலர்’ பொருந்துமே?

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அறங்காவலர் என்றதும் கோயில் சொத்தும் பொதுநலனும்தான் நினைவுக்கு வரும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று முடிவுசெய்யும் எவரும் ஃபிடூசியரிதான். கடன் செயலி நடத்துகிறவரும் இதில் அடக்கம். அவரை அறங்காவலர் என்றால், சட்டமே தராத நற்சான்றை நாம் தந்துவிடுவோம்.

2018-இல் இந்தச் சட்டத்துக்கான முதல் வரைவை எழுதிய ஸ்ரீகிருஷ்ணா குழு ‘ஃபிடூசியரி’ என்ற சொல்லைத் தேர்ந்தது நம்பிக்கை உறவை மனதில் வைத்துத்தான். இதே பொறுப்புக்கு ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கும் ‘கன்ட்ரோலர்’ வேண்டாம் என்று விட்டார்கள். தரவை நியாயமாகக் கையாளும் கடமைக்கு அவர்கள் வரைவில் தனிப் பிரிவே இருந்தது. 2023 சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இது எனக்குப் பெரிய வருத்தம்.

‘தரவுக் காப்பாளர்’? அதே சட்டத்தில் ‘தரவுப் பாதுகாப்பு அலுவலர்’ வேறு வருகிறார். படிப்பவர் குழம்பிப்போவார்.

என் பரிந்துரை ‘தரவுப் பொறுப்பாளர்’. 8(1) பிரிவைப் பாருங்கள்: வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துச் செய்யவைத்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சட்டத்தைப் பின்பற்றும் பொறுப்பு ஃபிடூசியரிக்கே. தரவு கசிந்தால் யாரைக் கேட்பது என்பதற்குப் பெயரிலேயே பதில் இருக்கிறது. ஃபிடூசியரியை ‘நம்பகர்’ என்றும் சொல்லலாம், ஆனால் அதில் அந்தப் பிடி இல்லை.

அப்புறம், ‘டேட்டா பிரின்சிபல்’. யாரைப் பற்றிய தரவோ அவருக்குச் சட்டம் தரும் பெயர் இது. ‘தரவு முதல்வர்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம், கல்லூரி முதல்வர்தான் கண்முன் வருகிறார். ‘தரவு உரிமையாளர்’ என்றால் சொத்துரிமை போலத் தொனிக்கும், சட்டம் அதைத் தரவில்லை. எனவே ‘தரவுக்குரியவர்’ போதும். குழந்தையின் தரவென்றால் பெற்றோரும் இதில் சேர்வார்கள்.

இதில் அக்கறை காட்டக் காரணம் 6(3) பிரிவு. ஒப்புதல் கேட்கும் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் எதிலுமோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும். நாம் சொல் தராவிட்டால் எந்திர மொழிபெயர்ப்பு எதையாவது போட்டுவிடும்; ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்துகிறவருக்கு எதிரில் இருப்பவர் யாரென்றே தெரியாது.

‘கன்சென்ட் மேனேஜர்’ இன்னும் பாக்கி. ‘ஒப்புதல் மேலாளர்’ என்றால் நமக்கு ஒப்புதல் தருகிறவர் போல இருக்கிறது. நம் சார்பில் ஒப்புதலைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் வழிசெய்கிறவர் அவர். ‘ஒப்புதல் முகவர்’ சரிவருமா? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.