லோயரிங் ஸ்பிரிங் போட்ட பழைய கார், முன்னாடி டக்டக் சத்தம்

வேளச்சேரி_வாசி:
மக்களே, போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹேட்ச்பேக் எடுத்தேன், பழைய ஓனர் லோயரிங் ஸ்பிரிங் (வண்டிய தாழ்த்துற குட்டை ஸ்பிரிங்) போட்டு வச்சிருக்காரு, பாக்க கெத்தாதான் இருக்கு, ஆனா ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினா இடுப்பு கழண்டுடும் போல, முன்னாடி லெஃப்ட்ல டக்னு சத்தம் வேற. ஷாக் அப்சார்பர் மட்டும் மாத்தினா போதுமா?

புதுப்பேட்டை_பையன்:
ஷாக் ஒரிஜினலா ப்ரோ? ஒரிஜினல் ஷாக்ல குட்டை ஸ்பிரிங் போட்டா ராடு எப்பவும் கொஞ்சம் உள்ள போயேதான் நிக்கும், பள்ளம் வந்தா நேரா பம்ப் ஸ்டாப்ல (ஷாக் முழுசா அமுங்காம தடுக்குற மெத்தை) போய் இடிக்கும். ஜாக்கி ஏத்தி வீல தொங்கவிட்டு ஸ்பிரிங்க சுத்தி பாருங்க, ஸ்டாண்ட் வைக்காம கைய உள்ள விட்டுறாதீங்க. லூசா சுத்துச்சுன்னா சத்தம் அங்கதான்.

வேளச்சேரி_வாசி:
ஸ்பிரிங் டைட்டா இருக்கு. ஆனா ரப்பர் பூட்ட தூக்கினா பம்ப் ஸ்டாப் மாவு மாதிரி கொட்டுது, ஷாக் பூரா ஆயில் கசிஞ்சு மண்ணு அப்பியிருக்கு 😭

ஈசிஆர்_டிரைவர்:
அப்போ ஷாக் போச்சு தம்பி. ரெண்டு பக்கமும் சேத்து மாத்துங்க, கூடவே ஷாக்க மேல பாடியோட பிடிக்குற மவுண்ட், அதுல இருக்குற பேரிங், பம்ப் ஸ்டாப். வண்டி நிக்கும்போது ஸ்டியரிங் திருப்பினாலும் டக்னு கேட்டா பேரிங்தான். நான் சொன்னா ஸ்டாக் ஸ்பிரிங்கே (கம்பெனில வர்ற ஒரிஜினல்) போடுங்க, மழைல நம்ம ரோட்டுக்கு உயரம் வேணும்ல. லோயர் ஆர்ம் (வீல கீழ பிடிச்சிருக்குற கை) புஷ், அதாவது அதோட ரப்பர், போல்ட்ட வண்டி தரைல நிக்கும்போதுதான் ஃபைனல் டைட் பண்ண சொல்லுங்க, தொங்கும்போது பண்ணா ரப்பர் முறுக்கி கிழிஞ்சிடும், அப்புறம் வீல் அலைன்மென்ட் பண்ணிடுங்க.