பணம் கட்டியவர்கள் 41, மெயில் பட்டியலில் 36: மீதிப் பேர் எங்கே போனார்கள்?

கேள்வி

கையெழுத்துப் பயிற்சித் தாள்களை பிடிஎஃப்பாக விற்கிறேன். பணம் வாங்க ஸ்ட்ரைப், செய்திமடலுக்கு மெயில்சிம்ப். ஆரம்பத்தில் ஞாயிறு ராத்திரி உட்கார்ந்து, அந்த வாரம் வாங்கியவர்களின் சிஎஸ்வி கோப்பை (அட்டவணையாக வரும் விவரங்கள்) இறக்கிப் பட்டியலில் ஏற்றுவேன். செய்திமடலில் ஏற்கெனவே இருந்த ஒருவர் வெள்ளிக்கிழமை முழு விலை கொடுத்து வாங்கினார். அவர் வாங்கியது பட்டியலில் இன்னும் ஏறாததால், மறுநாள் காலை அவருக்கு அதே தாளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று மெயில் போய்விட்டது. “நான் என்ன இளிச்சவாயா?” என்று எழுதினார். வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

அப்புறம் கைவேலையே வேண்டாம் என்று, பணம் கட்டியதும் வரும் நன்றிப் பக்கத்தில் சின்ன நிரல் ஒன்று வைத்தேன். பக்கம் திறந்தால் முகவரி பட்டியலில் சேரும், சேர்ந்ததும் தாள்களுக்கான இணைப்போடு வரவேற்பு மெயில் போகும். போன மாதக் கணக்கைப் பார்த்தால் பணம் கட்டியவர்கள் 41 பேர், பட்டியலில் புதிதாக 36 பேர்தான். “பணம் போச்சு, தாள் வரலை” என்று இரண்டு பேர் எழுதியும் கேட்டார்கள். ஓரளவு நிரல் எழுதுவேன். எங்கே தப்பு?

பதில் 1

நன்றிப் பக்கத்தை நம்பியதுதான் தப்பு. அங்கே வந்தே தீர வேண்டும் என்று வாங்குபவருக்கு என்ன கட்டாயம்? வங்கிக் குறுஞ்செய்தி வந்ததும் உலாவியை மூடிவிடுவார். அலைபேசியில் சிக்னல் போய்விடும். இதற்கு நேர்மாறாக, அந்தப் பக்கத்தின் முகவரி தெரிந்த யாரும் காசு கொடுக்காமலே உள்ளே வரலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது வெப்ஹூக். பணம் வந்ததும் ஸ்ட்ரைப்பின் சர்வர் நேராக உங்கள் சர்வருக்குத் தகவல் அனுப்பும், நடுவில் உலாவியே கிடையாது. நீங்கள் கேட்க வேண்டிய நிகழ்வு ‘செக்அவுட் செஷன் கம்ப்ளீட்டட்’. ஆனால் அது வந்தாலே பணம் வந்தாயிற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கும் வகைகளில் பணம் வர நாள்கணக்காகும். அதனால் உள்ளே இருக்கும் பேமென்ட் ஸ்டேட்டஸ் ‘பெய்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அப்புறம் வரும் ‘அசிங்க் பேமென்ட் சக்சீடட்’ நிகழ்வுக்குக் காத்திருங்கள்.

வந்த தகவல் ஸ்ட்ரைப்பிடமிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். எனக்கு ஒரு சாயங்காலமே போனது இங்கேதான். வந்ததை ஜேசனாக (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) பிரித்துவிட்டு அதை வைத்துச் சரிபார்த்தேன், ஒத்துப்போகவே இல்லை. ஒரு இடைவெளி மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. வந்தது வந்தபடியே வைத்துச் சரிபார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது என் மானம் போன கதை. ஸ்ட்ரைப்புக்கு ‘200’, அதாவது ‘கிடைத்தது’ என்று பதில் சொல்வதற்கு முன்பு, பட்டியலில் சேர்த்து, வரவேற்பு மெயிலையும் அனுப்பிவிடும்படி எழுதியிருந்தேன். ஒருநாள் பட்டியல் சேவை மெதுவாகிவிட்டது. என் பதில் வராததால் தகவல் போய்ச் சேரவில்லை என்று நினைத்து ஸ்ட்ரைப் மறுபடி அனுப்பியது. அது செய்தது சரிதான், 3 நாள் வரைக்கும் விட்டுவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் என் நிரல் முதலிலிருந்து வேலை பார்த்தது. “வரவேற்புக்கு நன்றி, ஏழு தடவையும்” என்று ஒருவர் பதில் போட்டார்.

அதிலிருந்து என் வழக்கம் இது: தகவல் வந்ததும் அதன் நிகழ்வு எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதி 200 சொல்லிவிடுவேன், மற்ற வேலையெல்லாம் பிறகுதான். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் எதுவும் செய்வதில்லை. நிகழ்வுகள் வரிசையாகத்தான் வரும் என்றும் நம்ப வேண்டாம்.

மெயில்சிம்ப் பக்கம்: முகவரியைச் சிறிய எழுத்தாக்கி எம்டி5 (எழுத்துகளை ஒரே நீளக் குறியீடாக மாற்றும் கணக்கு) போட்டால் அதுதான் அங்கே உறுப்பினரின் அடையாளம். சேர்க்கும்போது ‘ஸ்டேட்டஸ்’ அனுப்பாமல் ‘ஸ்டேட்டஸ் இஃப் நியூ’ மட்டும் அனுப்புங்கள். அது புதியவருக்கு மட்டும்தான் பொருந்தும், விலகிப் போனவரைத் தெரியாமல் திரும்ப இழுத்துவர மாட்டீர்கள். கூடவே ‘வாங்கியவர்’ என்று ஒரு டேக் போட்டு, தள்ளுபடி மெயிலில் அந்த டேக் உள்ளவர்களை விட்டுவிடுங்கள். பணம் திருப்பிக் கொடுத்தால் டேக்கை எடுக்கவும் மறக்காதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் தொடவில்லை. தாள்களுக்கான இணைப்பை ஏன் செய்திமடல் பட்டியல் வழியாக அனுப்புகிறீர்கள்? செய்திமடல் வேண்டாம் என்று விலகிய ஒருவர் நாளைக்கு வேறு தாள் வாங்கினால் அவருக்கு அது போகாதே. ரசீதும் இணைப்பும் அவர் காசு கொடுத்து வாங்கியவை, அவை தனி வழியில் போகட்டும். பட்டியல் நாள்பூராவும் படுத்துக்கிடந்தாலும் தாள் போய்ச் சேர வேண்டும்.

பணம் கட்டியதாலேயே செய்திமடலுக்கும் சம்மதம் என்று ஆகிவிடாது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர்படி, முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது. காலிப் பெட்டி வையுங்கள், டிக் செய்த நேரத்தையும் குறித்து வையுங்கள். சட்டத்தை விடுங்கள், கேட்காமல் சேர்த்தால் ஆட்கள் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்புபவர்கள் ஸ்பாம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். 1000 பேருக்கு 3 பேர் அழுத்தினாலே எல்லைக்கு வந்துவிடுவீர்கள்.

பதில் 3

நிரலே வேண்டாம் என்றால், இரண்டு சேவைகளை நிரலில்லாமல் இணைத்துவிடும் சேப்பியர் போதும், பத்து நிமிட வேலை. நான் அதில்தான் ஓட்டுகிறேன். எப்போதாவது நின்றுபோகும், அதனால் வாரம் ஒருமுறை இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவேன்.

கேள்வி கேட்டவர்

வெப்ஹூக் போட்டாயிற்று, தாள் இணைப்பைத் தனியாகப் பிரித்துவிட்டேன். ஸ்ட்ரைப் சிஎல்ஐயில் (கட்டளை தட்டி இயக்கும் கருவி) ஒரே நிகழ்வை இரண்டு முறை அனுப்பிப் பார்த்தேன், ஒரு மெயில்தான் வந்தது.

காணாமல் போன 5 பேரையும் தேடினேன். ஒருவர் பழைய சந்தாதாரர், முன்பே பட்டியலில் இருந்ததால் புதியவராகக் கணக்கில் வரவில்லை. நாலு பேர் நன்றிப் பக்கத்துக்கே வரவில்லை, தாள் கேட்டு எழுதிய ஒருவரும் அவர்களில் அடக்கம். எழுதிய இன்னொருவர் சேர்ந்துவிட்ட அந்த 36 பேருக்குள்தான் இருந்தார்! ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்தை மாற்றித் தட்டியிருக்கிறார். எனக்கு எழுதியது சரியான முகவரியிலிருந்து என்பதால் ஸ்ட்ரைப்பில் அந்த முகவரியில் யாரையும் காணோம், ஏமாற்றுக்காரர் என்றே நினைத்துவிட்டேன். இப்படிப்பட்டவர்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

பதில் 1

கட்டிய தேதி, தொகை, அட்டையின் கடைசி 4 இலக்கம் கேளுங்கள், ஸ்ட்ரைப்பில் தேடினால் கிடைத்துவிடும். முகவரியை இரண்டு பக்கமும் திருத்துங்கள். இனிமேல் ஸ்ட்ரைப்பின் கஸ்டமர் ஐடியையும் மெயில்சிம்ப்பில் ஒரு புலமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அவரிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுவிடுங்கள்.